முதியோர் இல்லத்தின் மீது புகார்: யாரிடம், எப்படி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்திருக்கிறோம். வயது 78, ஞாபக மறதி உண்டு. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு தவிர பார்க்க விடுவதில்லை. ‘ராத்திரி கையைக் கட்டிலோடு கட்டுறாங்க’ என்கிறார் அம்மா. நிர்வாகியோ, ‘பிடிக்காட்டி கூட்டிட்டுப் போங்க’ என்கிறார். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கோட்டாட்சியரிடம் போனால் அலைச்சல்தான் மிச்சம். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அவர் தலைமையில் நடக்கும் தீர்ப்பாயம், பிள்ளைகளிடமும் உறவினரிடமும் பராமரிப்புத் தொகை வாங்கித் தருவதற்கானது. இல்லங்களின் பதிவையும் ஆய்வையும் பார்ப்பது மாவட்ட சமூக நல அலுவலகம். மனுவை ஆட்சியர் பெயருக்கு எழுதி, சமூக நல அலுவலருக்கு நகல் போடுங்கள். ஊட்டியில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து, மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

கையைக் கட்டும் விஷயம் மட்டும் திங்கள்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கட்டில் தடம் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், அதைத்தான் ஏ.ஆர். என்பார்கள். தடம் சில நாளில் மங்கிவிடும், பிறகு கேட்டால் எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். விருப்பத்துக்கு மாறாகக் கட்டிவைப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆவது பிரிவின் கீழ் வரக்கூடியது என்பதால் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘விழுந்துவிடுவார், அதனால்தான் கட்டினோம்’ என்பார்கள். டாக்டர் எழுதிய உத்தரவு எங்கே, எத்தனை மணிக்குக் கட்டி எத்தனை மணிக்கு அவிழ்த்தீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரவுப் பணிக்கு ஆள் போதாததுதான் உண்மைக் காரணம்.

மனுவில் ‘கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று மட்டும் எழுதினால், ‘விசாரித்ததில் குறை ஏதும் இல்லை’ என்று பதில் வந்துவிடும். தேதி, நேரம், அறை, பணியில் இருந்தவர் என்று சம்பவத்துக்கு ஒரு பத்தி எழுதுங்கள். குளிர் பற்றிய புகார் என்றால் விடியற்காலை அறையின் வெப்பநிலையைத் தெர்மாமீட்டரோடு படம் எடுத்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 18 டிகிரி. உறைபனிக் காலத்தில் ஹீட்டர் இல்லாத அறை அதற்கு வெகு கீழே போய்விடும்.

ஆய்வறிக்கையும் பதிவுச் சான்றும் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் அம்மாவுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். யோசனை கேட்க முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

கேள்வி: குன்னூரில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் பணியாளர் மீது ஒரு பாட்டி புகார் சொன்னார். நிர்வாகக் குழு சார்பில் விசாரிக்க வேண்டியவன் நான். எங்கே தொடங்குவது?
– வாசகர், குன்னூர்

பதில்: பாட்டியிடம், அதுவும் தனியாக. மேலாளர் பக்கத்தில் நின்றால் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்றுதான் வரும். நீலகிரி படுகர்களின் மொழியான படுகு பேசுபவர் என்றால் படுகு தெரிந்த, இல்லத்தில் வேலை செய்யாத ஒருவரை உடன் வையுங்கள். மறதிக்காரர் தேதியைக் குழப்புவார். அதனால் புகாரே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். ‘சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், விசாரணை என்ற பேச்சே வெளியே போகாமல் இரவுப் பணிப் பதிவேடு, மருந்துப் பதிவேடு, கேமரா பதிவு மூன்றையும் உங்கள் கைக்கு எடுத்துவிடுங்கள். கேமரா சில வாரங்களில் பழையதை அழித்துவிடும். மருந்துப் பதிவேட்டில் ஒரு மாதக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் ஒரே நாளில் உட்கார்ந்து போட்டது. தூக்க மாத்திரை அட்டைகளை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பணியாளர்களைத் தனித்தனியே, ஒரே நாளில் விசாரித்து, சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவருக்கு வேறு பகுதியில் வேலை கொடுங்கள்; பாட்டியை அறை மாற்றாதீர்கள், புகார் சொன்னதற்குத் தண்டனை என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். காயம் இருந்தாலோ, பணம் நகை காணாமல் போயிருந்தாலோ அது உங்கள் குழுவோடு முடிகிற விஷயமல்ல, காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.