ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: சார், கிளிசரினில் 2 மி.மீ. எஃகு குண்டை விழவிட்டுப் பாகியல் எண் (திரவம் ஓடாமல் தடுக்கும் கொழகொழப்பின் அளவு) கண்டால், புத்தக மதிப்பைவிடப் பத்து சதவீதம் கூடவே வருகிறது. குழாயின் விட்டம் 4 செ.மீ.

பதில்: தப்பு குழாயில். விழும் குண்டின் வேகத்தைப் பாகியல் எண்ணோடு இணைக்கும், இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட சூத்திரம், சுவரே இல்லாத பாய்மத்துக்கு (திரவம் அல்லது வாயுவுக்கு). சுவர் பக்கத்தில் இருந்தால் குண்டு மெதுவாக இறங்கும். அளந்த வேகத்தை 1 + 2.1 × (குண்டின் விட்டம் ÷ குழாயின் விட்டம்), அதாவது 1.105-ஆல் பெருக்குங்கள்.

வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். 20 டிகிரியில் பாகியல் எண் சுமார் 1.4 பாஸ்கல் நொடி (அதன் அலகு) இருக்கும் கிளிசரின், 30 டிகிரியில் பாதிக்கும் கீழே போய்விடும். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து இன்னும் இளகும். குண்டை முதலில் கிளிசரினில் நனைத்துவிட்டுப் போடுங்கள்; ஒட்டிய காற்றுக்குமிழி வேகத்தைக் கெடுக்கும்.

முற்றுத் திசைவேகம் (குண்டு கடைசியில் மாறாமல் இறங்கும் வேகம்) வரட்டும் என்று ரொம்பக் காத்திருக்க வேண்டியதில்லை, நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். ஆனாலும் குழாயின் மேலும் கீழும் 5 செ.மீ. விட்டே அளக்கவும்.

கேள்வி: தண்ணீரில் செய்யலாமா?

பதில்: கூடாது. அதே குண்டுக்குச் சூத்திரம் நொடிக்கு 15 மீட்டர் என்று சொல்லும்! நிஜத்தில் ஒரு மீட்டர்கூட வராது. நிலைமத்தை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு அது. ரெனால்ட்ஸ் எண் (பாகியலோடு ஒப்பிட்டால் நிலைமம் எவ்வளவு என்று சொல்லும் எண்) ஒன்றுக்கு வெகு கீழே இருந்தால்தான் சூத்திரம் செல்லும். கிளிசரினில் 0.02-க்குள் அடங்கிவிடுகிறது.

கேள்வி: பரப்பின் மேல் எடுக்கும் தொகையீட்டை அதன் விளிம்பைச் சுற்றிய தொகையீடாக மாற்றும் ஸ்டோக்ஸ் தேற்றம் அவருடையதுதானா?

பதில்: இல்லை. இயற்பியலாளர் கெல்வின் 1850 ஜூலையில் அவருக்குக் கடிதத்தில் எழுதியது. ஸ்டோக்ஸ் 1854-இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் அதைக் கேள்வியாக வைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தத் தேர்வை எழுதியவர்களில் பின்னாளில் மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த மேக்ஸ்வெல்லும் ஒருவர்.

கேள்வி: குயினின் என்ற கசப்பு மருந்தை வைத்து ஸ்டோக்ஸ் செய்த சோதனையை வீட்டில் செய்ய முடியுமா ஐயா?

பதில்: தாராளமாக. 1852-இல் அவர் முப்பட்டகம் பிரித்த சூரிய ஒளியின் குறுக்கே குயினின் கரைசலை நகர்த்தினார். ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்த இடத்தில் கரைசல் நீலமாக மின்னியது. இப்படி ஒளியை வாங்கி வேறு நிறத்தில் வீசுவதற்கு ஃபுளோரசன்ஸ் என்ற பெயரும் அவர் வைத்ததே, ஃபுளோர்ஸ்பார் கனிமத்திலிருந்து.

உங்களுக்கு குயினின் சேர்த்த டானிக் வாட்டரும் புறஊதா டார்ச்சும் போதும். 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சம் கலந்து குழப்பும்; மஞ்சள் செல்லோபேன் தாள் வழியாகப் பாருங்கள். ஸ்டோக்ஸ் அதற்கு வொயின் நிரம்பிய கோப்பையைப் பிடித்தார். பிறகு டானிக் வாட்டரில் ஒரு ஸ்பூன் உப்பைக் கரையுங்கள், ஒளி மங்கும். குயினின் வாங்கிய ஆற்றலை, ஒளியாக வெளிவரும் முன்பே உப்பிலுள்ள குளோரைடு அயனி பறித்துவிடுகிறது.