ஸ்கூல் போர்டு கேள்வி பதில்: முதலில் அஜெண்டாவைப் படியுங்கள்

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன், குவிந்துவிட்டது. நான் வக்கீல் இல்லை. கலிஃபோர்னியாவில் எங்கள் டிஸ்ட்ரிக்டின் பாண்டு (பள்ளிக் கட்டடங்களுக்காக வாக்காளர் ஒப்புதலோடு வாங்கும் கடன்) கண்காணிப்புக் குழுவில் இரண்டு தவணை, நான்கு வருடம், உட்கார்ந்தவன். செவ்வாய்க்கிழமை ராத்திரிகளை போர்டு மீட்டிங்குக்குத் தாரை வார்த்தவன். மற்ற மாநிலச் சட்டமெல்லாம் எனக்கு அரைகுறைதான்.

புது அம்மா: எங்கள் பள்ளியை மூடப் போவதாகப் பேச்சு. மைக் முன்னால் இரண்டு நிமிடம் அழாத குறையாகப் பேசினேன். ஐந்து ட்ரஸ்டிகளும் (போர்டு உறுப்பினர்கள்) கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு திமிரா?

திமிர் இல்லை அம்மா, பிரவுன் சட்டம், கலிஃபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டம். 1953-ல் வந்தது. அஜெண்டாவில், அதாவது கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், இல்லாத விஷயத்தை போர்டு விவாதிக்கவும் கூடாது, முடிவெடுக்கவும் கூடாது. சுருக்கமாக ஒரு வார்த்தை பதில் சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், அடுத்த கூட்டத்தில் வையுங்கள் என்று அதிகாரியிடம் சொல்லலாம், அத்துடன் சரி. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்த விதி இல்லையென்றால், நீங்கள் வராத ஒரு ராத்திரியில் யாரோ கிளப்பி, அங்கேயே பேசி, உங்கள் பள்ளிக்குப் பூட்டுப் போட்டுவிடலாம். டிஸ்ட்ரிக்ட் வேலை சம்பந்தப்பட்ட விஷயத்தை அஜெண்டாவில் வைக்கச் சொல்லிக் கேட்கப் பொதுமக்களுக்கும் உரிமை உண்டு, கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். விஷயம் அஜெண்டாவில் ஏறிய அன்றைக்குப் போய்ப் பேசினால் அவர்களும் வாயைத் திறந்து பேசலாம்.

இரண்டு பிள்ளை அப்பா: பணம் எங்கே போகிறது என்று தெரியவே மாட்டேன் என்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

கன்சென்ட் காலண்டர். இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வீட்டில் 'கன்சென்ட்' என்று கூப்பிடுகிறார்கள். வழக்கமான விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டி, விவாதம் இல்லாமல் ஒரே ஓட்டில் முடிக்கிற பகுதி அது. ஒரு கூட்டத்தில் 34 ஐட்டம் இருந்தது. ஃபீல்டு ட்ரிப்புக்கு பஸ், நூலகத்துக்கு யாரோ கொடுத்த 400 டாலர், இப்படிப் போய்க்கொண்டே இருந்து நடுவில் 'ஒப்பந்தங்கள் – ஒப்புதல்' என்று ஒரே ஒரு வரி. அதற்கான இணைப்பு 112 பக்கம். 87-ஆவது பக்கத்தில், ஏற்கனவே கொடுத்த ஏசி வேலைக்கு இன்னும் பணம் சேர்த்துக் கொடுக்கிற சேஞ்ச் ஆர்டர். முழுப் பூசணிக்காய், சோறு மட்டும் 112 பக்கம். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, ஐந்து கை தூக்கியாயிற்று. என் கடிகாரத்தில் 40 விநாடி.

அதில் தப்பு நடந்தது என்று நான் சொல்லவில்லை. கூரையைப் பிரித்தபோது பழைய குழாயெல்லாம் மோசமாக இருந்ததாம், நியாயமான காரணம்தான். ஆனால் அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் அஜெண்டாவைப் போட்டாக வேண்டும். சனி, ஞாயிறும் அந்தக் கணக்கில் சேர்த்தி, அதனால் செவ்வாய்க் கூட்டத்துக்கு வெள்ளி சாயங்காலம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாரக்கடைசியில் உட்கார்ந்து படியுங்கள். உறுத்தினால் ஒரு ட்ரஸ்டிக்கு மெயில் போடுங்கள்: 'இந்த ஐட்டத்தைத் தனியே எடுத்துப் பேசுங்கள்.' பெரும்பாலான போர்டுகளில் ஒரு ட்ரஸ்டி சொன்னாலே அதைக் கட்டிலிருந்து உருவிவிடுவார்கள்.

விசாவில் இருப்பவர்: எச்-1பியில் இருக்கிறேன். மைக்கில் பேசினால் பிரச்சினை வருமா? ஓட்டுப் போடலாமா?

பேச யாருக்கும் உரிமை உண்டு, குடியுரிமை கேட்க மாட்டார்கள். உள்ளே வருவதற்குப் பெயர் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஓட்டுக்குக் குடியுரிமை வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ ஒரு விதிவிலக்கு: குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று 2016-ல் மக்களே ஓட்டெடுப்பில் முடிவு செய்தார்கள். 2022-ல் ஒரு நீதிபதி அதைச் செல்லாது என்றார், 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது.

எடிசன்வாசி: நியூஜெர்சியில் ஆவணம் கேட்க?

அங்கே பொது ஆவணச் சட்டத்தின் பெயர் ஓப்ரா, பொதுவாக 7 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். மீதியை அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பு அப்பா: நான் பேசினேன், போர்டு பதிலே சொல்லவில்லை, ஏன்?

புது அம்மாவுக்குச் சொன்னதைப் பார்க்கவும்.

வாட்ஸ்அப் மாமா: பள்ளிகளை இணைப்பது பற்றி ஒரு ட்ரஸ்டி ஃபேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதினார். இன்னொரு ட்ரஸ்டி கீழே ஒரு கட்டைவிரல் போட்டார். அதற்குப் போய் ஒரு அம்மா சட்டமீறல் என்று புகார் எழுதியிருக்கிறார். வேலை வெட்டி இல்லையா?

அந்த அம்மா சொல்வது சரி. போர்டின் வரம்புக்குள் வரும் விஷயத்தைப் பற்றி ஒரு உறுப்பினர் பொது வலைத்தளத்தில் போட்டதற்கு இன்னொரு உறுப்பினர் நேரடியாக எதிர்வினை காட்டக் கூடாது என்று 2021-ல் விதி வந்துவிட்டது. எமோஜி எனும் பொம்மைக் குறிகளும் அதில் அடக்கம்.

வாட்ஸ்அப் மாமா: ஐந்து பேரில் இரண்டு பேர் மெஜாரிட்டியே இல்லையே? சட்டம் தெரியாமல் பேசாதீர்கள்.

மற்ற இடங்களில் மெஜாரிட்டி கணக்குதான், மாமா. பொது வலைத்தளத்தில் மட்டும் ஒரே ஒருவர் போட்டாலும் தப்பு. யோசித்துப் பாருங்கள்: ஒருவர் எழுதினார், ஒருவர் கட்டைவிரல், மூன்றாமவர் ஒரு இதயம். மூன்று ஓட்டு எண்ணியாயிற்று. செவ்வாய்க்கிழமை புது அம்மா மைக் முன்னால் நிற்பது யாரை மாற்ற?

நடுவில் ஒருவர்: பொங்கல் விழாவில் மூன்று ட்ரஸ்டிகள் ஒரே மேஜையில் சாப்பிட்டார்களே, அது?

சாப்பிடலாம். விழா, கல்யாணத்துக்கெல்லாம் விலக்கு உண்டு. சர்க்கரைப் பொங்கல் பேசலாம், பட்ஜெட் பேசக் கூடாது.

இன்னொருவர்: தனி வாட்ஸ்அப் குழு என்றால்?

கட்டைவிரல் விதி பொதுத் தளங்களுக்கு மட்டும். ஆனால் மூன்று பேர் தனிக் குழுவில் விஷயத்தைப் பேசினால் பழைய விதியிலேயே மாட்டுவார்கள். ஒருவர் இரண்டாமவரிடம், இரண்டாமவர் மூன்றாமவரிடம் என்று சங்கிலியாகக் கடத்தினாலும் அது திருட்டுக் கூட்டம்தான்.

வாட்ஸ்அப் மாமா: அப்போ அவர்களுக்குப் பேச்சுரிமையே இல்லையா?

நம்மிடம் விடிய விடியப் பேசலாம், நம் கேள்விக்குப் பதில் எழுதலாம். தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதை மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். போதும் மாமா, வரிசை நீளமாக இருக்கிறது.

(மாமா இதற்கு ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறார். நீங்கள் ட்ரஸ்டி இல்லை, தாராளமாகப் போடலாம்.)

கணக்குப் பிள்ளை: பாண்டு பணத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்கிறார்களே?

55 சதவீத ஓட்டில் ஜெயித்த பாண்டு என்றால், 2000-ல் மக்கள் ஓட்டெடுப்பில் வந்த 39-ஆம் பிரபோசிஷன்படி ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்கு அதைத் தொடக் கூடாது. வருடா வருடம் தணிக்கை உண்டு, குறைந்தது 7 பேர் கொண்ட கண்காணிப்புக் குழு உண்டு. எங்கள் கூட்டத்துக்கு நான்கு வருடத்தில் வந்த பொதுமக்கள் மொத்தம் மூன்று பேர், அதில் ஒருவர் அறை மாறி வந்தவர்.

மெயில் பிரியர்: கடந்த ஐந்து வருட ஈமெயில் எல்லாவற்றையும் கேட்டு மனுப் போட்டேன். இழுத்தடிக்கிறார்கள்.

இழுக்கத்தான் செய்வார்கள். பொது ஆவணச் சட்டப்படி 10 நாளில் கொடுப்பார்களா மாட்டார்களா என்று சொல்ல வேண்டும், காரணம் காட்டி இன்னும் 14 நாள் வாங்கலாம். ஆனால் நீங்கள் கேட்டது ஒரு கடல். 'இந்த நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தம், அதன் பில்கள், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று கேளுங்கள். அதற்கு முன் கன்சென்ட் இணைப்புகளில் தேடுங்கள், பாதி அங்கேயே கிடக்கும்.

பெயர் வேண்டாம்: சூப்பரின்டெண்டென்ட் (டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரி) சம்பளத்தை மூடிய கதவுக்குள் முடித்துவிடுவார்களா?

இறுதி முடிவு வழக்கமான கூட்டத்தில், திறந்த அவையில்தான். ஓட்டெடுப்புக்கு முன் சம்பளம், சலுகைகளின் சுருக்கத்தை வாயால் சொல்லியாக வேண்டும். அதற்காக திடீர்க் கூட்டம் போட முடியாது.

கவலை அப்பா: என் பையனுக்கு கணக்கில் பி போட்டுவிட்டார்கள், போர்டுக்கு எழுதட்டுமா?

வேண்டாம். டீச்சரிடம் போங்கள்.

இன்னொரு அப்பா: மைக்கில் பேசினேன், யாரும் பதிலே...

மேலே. மேலே. மேலே.

கடைசிக் கேள்வி: சரி, இந்த அஜெண்டா எங்கே இருக்கும்? எங்கள் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் ஆறு கிளிக் செய்தும் கிடைக்கவில்லை.

முகப்புப் பக்கத்திலேயே, பளிச்சென்று, நேரடி இணைப்பாக இருக்க வேண்டும். இது 2019-லிருந்து சட்டம். ஆறு கிளிக்குக்குப் பிறகும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, தேதி போட்டு, போர்டுக்கு அனுப்புங்கள். கிடைத்த பிறகு எதை முதலில் திறக்க வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.