சிப்பம் கணக்குல ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): அண்ணா வணக்கம். வயசு 33, தோல் கம்பெனில சூப்பர்வைசர். ரொம்ப நாளா ஒரு ஆசை, வெயிட்டே இல்லாம, ரெண்டே சீட்டு, தேவையில்லாத எதுவும் இல்லாத ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும்னு. வாரத்துல ரோட்ல ஓட்டணும், எப்பயாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்லயும் விடணும். லோட்டஸ் எலீஸ், கேட்டர்ஹாம், மாஸ்டா எம்எக்ஸ்-5 மூணுல எதுக்கு போலாம்? கையில 12 லட்சம் இருக்கு.

பதில்: தம்பி, மூணுத்துக்கும் போவ முடியாது. மொதல்ல அத சொல்லிட்டா மனசு லேசாயிடும். ஆனா உங்க ஆசையில ஒரு தப்பும் இல்ல, ஏன்னா நூத்துல தொண்ணூறு பேரு இன்னா வண்டி எத்தினி பிஎச்பி பவருன்னு தான் கேக்கறான், நீங்க ஒருத்தர் தான் வெயிட்ட பத்தி கேட்டிருக்கீங்க.

நான் ஆரணி பக்கம், எங்கப்பா ரைஸ் மில்லுல கணக்கு எழுதுனவரு, அதனால எடைன்னா எனக்கு கிலோ வராது, 25 கிலோ சிப்பம் தான் வரும். அந்த கணக்குலயே சொல்றேன். 1996ல விக்க ஆரம்பிச்ச முதல் எலீஸ் சுமார் 725 கிலோ, அதாவது 29 சிப்பம். அதோட சேஸி, அதாவது வண்டியோட எலும்புக்கூடு, அலுமினியம், வெல்டிங் கூட இல்லாம பசை போட்டு ஒட்டினது, அது மட்டும் 68 கிலோ தான், மூணு சிப்பம் கூட இல்ல, ஒரு ஆள் முதுவுல தூக்கிடுவான். இஞ்சின் சாதாரண 1.8 லிட்டர் ரோவர், 118 பிஎச்பி. இந்த காலத்துல பொண்ணுக்கு சீரா குடுக்கற காம்பாக்ட் எஸ்யூவியில கூட அந்த பவர் இருக்குது, ஆனா அதுல இந்த சுகம் ஏன் வரலன்னா, அது 45, 50 சிப்பத்த இஸ்துக்கினு போவணும்.

கேட்டர்ஹாம் இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது. லோட்டஸ் ஆரம்பிச்ச காலின் சாப்மன் 1957ல கொண்டாந்த செவன்ங்கிற வண்டிய, 1973ல கேட்டர்ஹாம் உரிமை வாங்கி இன்னிக்கி வரைக்கும் அதே உருவத்துல செஞ்சிக்கினு கீறாங்க. அதுல 170ன்னு ஒரு மாடல், 440 கிலோ, பதினெட்டு சிப்பத்துக்கும் கம்மி, உள்ள இருக்கறது நம்ம சுசுகியோட 660 சிசி டர்போ, 84 பிஎச்பி. கேட்டா சிரிப்பு வரும், ஆனா ஒரு டன்னுக்கு கணக்கு போட்டா 190 பிஎச்பி ஆவுது. எம்எக்ஸ்-5 1989ல வந்துது, மூணுல அது தான் குடும்பப் பொண்ணு மாதிரி, ஏசி, கூரை, டிக்கி எல்லாம் உண்டு, அப்பயும் ஒரு டன்ன ஒட்டி தான் எடை.

இப்ப ஏன் ஆவாதுன்னா, மாஸ்டா இந்தியாவுலயே கடை போடல. எலீஸ 2021ல நிறுத்திட்டாங்க. பழச எறக்கலாமேன்னு கேப்பீங்க, 3 வருஷத்துக்கு மேல ஆன பழைய கார சாதாரணமா இறக்குமதி பண்ண விடமாட்டாங்க, அதனால அந்த கதவும் சாத்தியாச்சு. புதுசா தனியா எறக்குனா வரியே வண்டி வெலைய தாண்டிடும். லோட்டஸ் இந்தியாவுக்கு வந்திருக்குது, வந்ததும் முதல்ல கொண்டாந்தது எலெட்ரேன்னு ஒரு கரண்ட் எஸ்யூவி, ரெண்டரை டன்னு, நூறு சிப்பம், ஒரு சின்ன லாரி லோடு. எடைய கொறைக்கறதே வேலையா இருந்த சாப்மன் உசுரோட இருந்தா இன்னா சொல்லுவாரோ. எமிரான்னு ரெண்டு சீட்டு காரும் விக்கறாங்க, 3 கோடிக்கு மேல போவுது, அத பேசி நமக்கு இன்னா.

சரி கைக்கு வந்துதுன்னே வச்சிக்கோங்க, நம்மூர்ல எப்படி ஓட்டுவீங்க? எலீஸ்ல உக்கார்ற எடத்துக்கு ரெண்டு பக்கமும் சேஸி திண்ணை மாதிரி அகலமா ஓடும், வேட்டி கட்டிக்கினு ஏற முடியாது. கேட்டர்ஹாம்ல கூரையே ஒரு துணி தான், வேலூர் மே மாசத்துல அக்னி நட்சத்திரத்துல கிரீன் சர்க்கிள் சிக்னல்ல 90 செகண்ட் நின்னு பாருங்க, கத்திரிக்கா தொக்கு ஆயிடுவீங்க. எங்க தெருவுல ஆளாளுக்கு போட்ட ஸ்பீடு பிரேக்கர்ல என் ஸ்விஃப்ட்டே வயித்த தேய்ச்சிக்கினு தான் எறங்குது.

அதனால என் ரோசனை: எடை கம்மியான வண்டிய வெளிநாட்ல தேடாதீங்க, நம்ம செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்லயே கிடக்குது. பெலினோ ஆர்எஸ்னு மாருதி 2017ல ஒண்ணு விட்டாங்க, 1 லிட்டர் டர்போ, 101 பிஎச்பி, 950 கிலோ, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். யாரும் வாங்கல, 2020ல நிறுத்திட்டாங்க. ரெகுலர் பெலினோவே மைலேஜ் நல்லா குடுக்குது, இதுக்கு ஏன் கூட துட்டுன்னு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க, அது தான் உங்க அதிர்ஷ்டம். கிடைக்கறது கஷ்டம், ஆனா கிடைச்சா உங்க காசுல பாதிக்குள்ள முடிஞ்சிடும். கிடைக்கலன்னா 2018ல வந்த மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் மேனுவல், 900 கிலோ சுமாரு தான். போலோ டிஎஸ்ஐ நல்ல வண்டி, ஸ்டியரிங் கூட அதுல தான் கெட்டியா இருக்கும், ஆனா ஆறு சிப்பம் கூட, எனக்கு மனசு வரல. ரெண்டு சீட்டு வேணும்னு சொன்னீங்க, பின் சீட்ட பாக்காதீங்க, அவ்ளோ தான்.

மிச்ச காச என்ஜின்ல போடாதீங்க. இத நான் பட்டு தெரிஞ்சிக்கினேன். முத முத என் பழைய ஸ்விஃப்ட்ட இருங்காட்டுக்கோட்டைக்கு ஓட்டிக்கினு போனப்ப ஏர் ஃபில்டரு, சைலன்சருன்னு துட்ட கொட்டிட்டு தான் போனேன். மூணு ரவுண்டு சொர்க்கம். நாலாவது ரவுண்டு, மெயின் ஸ்ட்ரெயிட் முடியற எடத்துல பிரேக்க அமுக்கறேன், பெடல் பஞ்சு மேல கால வச்ச மாதிரி உள்ள போவுது, வண்டி மட்டும் போய்க்கினே கீது. மண்ணுல போய் தான் நின்னேன். எறங்குனா சுட்ட ரப்பரும் கருகுன இரும்பும் கலந்த ஒரு நாத்தம். பக்கத்துல இருந்த மெக்கானிக் பையன் பிரேக் ஆயில் டப்பா மூடிய தெறந்து காட்டுனான், டிகாஷன் கலர். போன சர்வீஸ்ல மாத்திட்டோம்னு பில்லு போட்டு காசு வாங்கியிருந்தாங்க, எந்த சென்டர்னு பேரு வேணாம்.

நடந்தது இன்னான்னா, பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறுனா 155லயே கொதிச்சிடும். கொதிச்சா ஆவி, ஆவிய அமுக்குனா அமுங்கும், சக்கரத்த புடிக்கற பிரேக் பேடுக்கு அழுத்தம் போவாது. 120ல இருந்து 60க்கு கொண்டாந்தா வண்டியோட ஓட்டத்துல இருக்கற சக்தியில முக்கா பங்கு பிரேக்ல சூடா போவுது, ஒவ்வொரு ரவுண்டும் அப்படி நாலு எடத்துல. அந்த சூடு எடைக்கு ஏத்த மாதிரி தான் ஏறும், இறங்கும். அதனால தான் சொல்றேன், 950 கிலோ வண்டி அஞ்சாவது ரவுண்டு ஓடும்போது ஒன்றரை டன்னு வண்டி டிராக் ஓரத்து பிட்டுல புகைஞ்சிக்கினு நிக்கும்.

ஆக போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி புது டாட் 4, நல்ல பிரேக் பேடு, நல்ல டயரு நாலு. டயர அகலமா போடணும்னு இல்ல, ரப்பர் நல்லதா இருந்தா போதும். ஒரு சாக்பீஸ் எடுத்துக்கினு போங்க, டயர் ஓரத்துல நாலு எடத்துல கோடு போடுங்க, ஓட்டிட்டு வந்து பாத்தா எது வரைக்கும் கோடு அழிஞ்சிருக்குதோ அது வரைக்கும் டயர் மடங்கியிருக்குதுன்னு அர்த்தம், பக்கவாட்டுல எறங்கி அழிஞ்சிருந்தா காத்து கம்மி. சூடு அஞ்சாறு டிகிரி ஏறுனா காத்து ஒரு பிஎஸ்ஐ ஏறும், இருங்காட்டுக்கோட்டை வெயில்ல அது சடசடன்னு ஏறிடும், அதனால முதல் செஷன் முடிச்ச சூட்டோட கொஞ்சம் எறக்கிட்டு, வூட்டுக்கு கெளம்பும்போது மறக்காம திரும்ப அடிச்சிக்கணும். வாலாஜா டோல் தாண்டி ரோடு வேலை டைவர்ஷன்ல கம்மி காத்தோட ஒரு பள்ளத்துல விட்டு ரிம்ம வளைச்சிக்கினவன் நான்.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): வெயிட் கொறைக்க பின் சீட்டு, கார்பெட்டு எல்லாம் கழட்டிட்டு ரோட்லயே ஓட்டலாமா?

பதில்: ரோட்ல கூடாதுங்க. கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தி ஓட்ட மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு விடாது, சுப்ரீம் கோர்ட்டும் 2019ல அதையே கெட்டியா சொல்லிடுச்சி. டிராக்குக்கு போய் கழட்டி, வர்றப்ப மாட்டிக்கோங்க, நாலு போல்ட்டு தான். சீட் பெல்ட், ஏர்பேக் பக்கம் மட்டும் கைய வைக்காதீங்க.

ஆனா கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. பக்கத்துல இருக்கற ரைஸ் மில்லு வே பிரிட்ஜ்ல வண்டிய ஏத்துங்க, அம்பது நூறு குடுத்தா சீட்டு அடிச்சி குடுப்பான். நான் ஏத்துனப்ப மில்லு ஆளு "இன்னாண்ணா, காலி வண்டியா லோடா?"ன்னு கேட்டான், காலின்னேன், எடை வந்ததும் என்ன ஒரு மாதிரியா பாத்தான். டிக்கிய தெறந்தா 20 லிட்டர் தண்ணி கேன், பாட்டு பொட்டி, போன ஆடிக்கு எடுத்து வச்ச பொங்கப் பானை, பசங்க கிரிக்கெட் கிட்டு, கடைக்கு போட வேண்டிய பழைய பேப்பர் கட்டு ரெண்டு, ஆற்காட்ல மக்கன் பேடா வாங்குன காலி டப்பா ஒண்ணு. எல்லாத்தையும் ஸ்டெப்னியோட சேத்து எறக்கிட்டு திரும்ப ஏத்தினேன், 70 கிலோ கம்மி. எலீஸ் சேஸிய விட ரெண்டு கிலோ கூட, தம்பிடி செலவு இல்லாம.

கேள்வி (காட்பாடி, இன்ஜினியரிங் மாணவர்): லோட்டஸ் செவன் மாதிரி பைப் சேஸி அடிச்சி, பைக் இன்ஜின் வச்சி நாங்களே ஒரு கார் செஞ்சா ரெஜிஸ்டர் பண்ண முடியுமா?

பதில்: செய்ய முடியும், ரெஜிஸ்டர் தான் முடியாது. புது மாடல்னா ஏஆர்ஏஐ மாதிரி வண்டிய சோதிக்கற ஏஜென்சியில டைப் அப்ரூவல், அதாவது அந்த மாடல் ரோட்டுக்கு ஆவும்ங்கற சான்று, வாங்கணும், அது ஒரு வண்டிக்காக ஒருத்தர் செய்யற செலவு இல்ல. டிராக்குக்கு மட்டும்னா டெம்போல ஏத்திக்கினு போங்க, ஓட்டறதுக்கு முன்னாடி டிராக் ஆளுங்க வெல்டிங்க பாத்து ஒத்துக்கணும், அவ்ளோ தான். உங்க ஊர் விஐடியிலயே பசங்க வருஷா வருஷம் ஃபார்முலா ஸ்டூடண்ட்ங்கற மாணவர் போட்டிக்கு கார் செய்யறாங்க, அந்த ஒர்க்‌ஷாப்ப ஒரு வாட்டி போய் பாருங்க.

இதுக்கு நம்ம தமிழ்நாட்லயே ஒரு முன்னோடி இருக்காரு, கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 இன்ஜின், வெறும் 796 சிசி, அத வச்சி ஃபார்முலா மாருதின்னு ஒத்தை சீட்டு ரேஸ் கார் பண்ணாரு, ஒரு தலைமுறையே அதுல உக்காந்து தான் ரேஸ் கத்துக்கிச்சி, நரேன் கார்த்திகேயன் உட்பட. 1995ல விமான விபத்துல போயிட்டாரு, கோவை டிராக்குக்கு அவரு பேரு தான் வச்சிருக்காங்க. அந்த சின்ன இன்ஜின்ல அவ்ளோ பண்ண முடிஞ்சதுக்கு காரணம் இன்ஜின் இல்லன்னு உங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும்.

கேள்வி (வாணியம்பாடி வாசகர்): அவ்ளோ தூரம் டிராக்குக்கு ஏன்? ஏலகிரி ஏறுனா 14 ஹேர்பின் இருக்கே?

பதில்: இருக்குது, வளைவுக்கு ஒண்ணா பாரி, கபிலர்னு வள்ளல், புலவர் பேரெல்லாம் வச்சிருக்காங்க. எதிர்ல டவுன் பஸ்ஸும் இருக்குது, ரோட்ல குரங்கும் உக்காந்துக்கினு இருக்குது. மலை அடிவாரத்து பொன்னேரியில இருந்து ரெண்டாவது கியர்ல பொறுமையா ஏறி, மேல போய் மீன் வறுவல் சாப்ட்டு எறங்குங்க.

கேள்வி (சத்துவாச்சாரி வாசகி): எங்க வூட்டுக்காரரு உங்க பழைய பதில் ஒண்ண படிச்சிட்டு போன மாசம் டிராக்குக்கு பேரு குடுத்துட்டாரு. வண்டி என் பேர்ல இருக்குது. அடிபட்டா இன்சூரன்ஸ் வருமாங்க?

பதில்: வராதும்மா. பாலிசி பேப்பர்ல பொடி எழுத்துல ரேஸ், வேகப் பரிசோதனை இதுக்கெல்லாம் கிடையாதுன்னு போட்டிருக்கும். டிராக்ல ஒரு பம்பர் போனாலும் உங்க கைக்காசு தான். அவரு உங்க கிட்ட இத சொல்லியிருக்க மாட்டாருன்னு நெனைக்கறேன், மன்னிக்கணும்.

வேணாம்னு சொல்லாதீங்க, கூடவே போங்க. வேலூர்ல இருந்து நூறு கிலோமீட்டர் சுமாரு தான், விடியக்காலையில கெளம்புனா வெயில் ஏறதுக்குள்ள சேந்துடலாம். ஹெல்மெட்டு, முழுக்கை சட்டை, ஷூ எடுத்து வச்சாரான்னு பாருங்க. கடைசி ரவுண்டு பிரேக்க தொடாம மெதுவா சுத்தி வரணும், உள்ள வந்ததும் ஹேண்ட் பிரேக் போடவே கூடாது, சூட்டுல பேடு டிஸ்க்கோட ஒட்டிக்கும். கியர்ல விட்டுட்டு டயருக்கு கல்லு வைக்கணும். அந்த கல்லு வைக்கற வேலைய நீங்க எடுத்துக்கோங்க, அவரு எறங்குன வேகத்துக்கு கண்டிப்பா மறந்துடுவாரு.