சட்டம் - வாசகர் கேள்விகள்: அரசு மீது சர்வதேச வழக்கு

கேள்வி: சொந்த அரசே உரிமையைப் பறித்தால் ஹேக் நகரில் வழக்குப் போடலாமா?

முடியாது. அங்குள்ள சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை மட்டுமே விசாரிக்கும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் அதே ஊரில்தான் இருக்கிறது. ஆனால் அது போர்க்குற்றம், இனப்படுகொலை போன்றவற்றுக்காகத் தனிநபர்களை விசாரிக்குமே தவிர, அரசை அல்ல. மனித உரிமைக்கென நீதிமன்றங்கள் இருப்பது ஐரோப்பாவுக்கு பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில், அமெரிக்கக் கண்டத்துக்கு கோஸ்டா ரிகாவின் சான் ஹொசேயில், ஆப்பிரிக்காவுக்கு தான்சானியாவின் அருஷாவில். ஆசியாவுக்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: அந்த மூன்றுக்கும் தனிமனிதர் நேரடியாகப் போகலாமா?

ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு 1998 முதல் போகலாம். சான் ஹொசேவுக்கு வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் அனுப்பினால்தான் வழக்குப் போகும். அருஷாவுக்கு அந்தந்த நாடு தனியாக ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ருவாண்டா, தான்சானியா, பெனின், ஐவரி கோஸ்ட் ஆகியவை 2016-க்கும் 2020-க்கும் இடையில் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டன. குற்றம் சாட்டப்படுபவரிடமே கதவின் சாவி இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை.

கேள்வி: ஸ்ட்ராஸ்பூர்க்கில் மனுக்கள் ஏன் ஆரம்பத்திலேயே தள்ளுபடியாகின்றன?

பல மனுக்கள் நடைமுறைப் பிழைகளால். முதலில் உள்நாட்டில் மேல்முறையீடுகளை முடித்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது, இப்போது சொல்லும் உரிமை மீறலை அங்கேயே வாதமாக வைத்திருக்கவும் வேண்டும். வழக்கறிஞர்களே தவறவிடும் இடம் இது. இறுதித் தீர்ப்பிலிருந்து 4 மாதமே கெடு. 2022 பிப்ரவரிக்கு முன் 6 மாதம் இருந்தது. நீதிமன்றத்தின் படிவத்தை முழுமையாக நிரப்பி, கையொப்பமிட்டு, தீர்ப்பு நகல்களோடு தபாலில் அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. ஒரு பகுதி விடுபட்டாலும் மனுவைப் பரிசீலிக்காமல் விடலாம். கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே கடைசி வாரத்தில் அனுப்பாதீர்கள், திருத்தி அனுப்ப அவகாசம் இருக்காது.

கேள்வி: ஒரு நாட்டின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் வெளிநாட்டு நீதிபதிகள் தலையிடுவது சரியா?

சரி என்றே கருதுகிறோம். ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்துக்கு அடிப்படையான ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே அரசுதான். மேலும் ஸ்ட்ராஸ்பூர்க் எந்தச் சட்டத்தையும் ரத்து செய்வதில்லை. உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளிக்கும், தேவைப்பட்டால் இழப்பீடு வழங்கச் சொல்லும். சட்டத்தைத் திருத்துவது அந்த நாட்டின் பொறுப்பு. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய வட அயர்லாந்துச் சட்டத்துக்கு எதிராக 1981இல் தீர்ப்பு வந்தது. 1982இல் பிரிட்டன் அதைத் திருத்தியது. ஆனால் கைதிகளின் வாக்குரிமை குறித்த 2005 தீர்ப்புக்கு அதே பிரிட்டன் 2017இல்தான் ஒரு சிறு நிர்வாக மாற்றத்தை முன்வைத்தது. வாக்களிக்கத் தடை விதிக்கும் சட்டம் அப்படியே இருக்கிறது.