பிலிப்போப்போலி: 1882-இல் யாருடைய நகரம்?

வணக்கம். 1882-ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றில், பிலிப்போப்போலி எனப்பட்ட இன்றைய பிளோவ்டிவ் நகரம் உதுமானியப் பேரரசுக்குள்ளும், 1890-ஐ ஒட்டிய இன்னொன்றில் பல்கேரியாவுக்குள்ளும் இருப்பதால் எது பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான்.

1878-இல் பெர்லின் உடன்படிக்கை கிழக்கு ருமேலியா என்ற தன்னாட்சி மாகாணத்தை உதுமானியப் பேரரசுக்குள் உருவாக்கியது; இந்நகர் அதன் தலைநகரானது. வல்லரசுகளின் இசைவுடன் சுல்தான் ஐந்தாண்டுக் காலத்துக்கு நியமிக்கும் ஆளுநர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. முதல் ஆளுநர் அலெகோ பாஷா, 1879-இல் பதவியேற்க வந்தபோது, உதுமானிய அதிகாரிகள் அணியும் ஃபெஸ் தொப்பியைக் களைந்து பல்கேரியர்களின் கல்பாக் தொப்பியை அணிந்துகொண்டார். மாகாணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை என்பேன். 1885 செப்டம்பரில் எழுந்த கிளர்ச்சி அதனைப் பல்கேரியாவுடன் இணைத்தது. (அந்நாள் சில நூல்களில் 6 என்றும் சிலவற்றில் 18 என்றும் இருப்பது பழைய, புதிய நாட்காட்டிகளின் வேறுபாடே.)

ஆனால் 1886-இல் ஏற்பட்ட உடன்பாடு, பல்கேரிய இளவரசரையே சுல்தானின் ஆளுநராக ஏற்றுக்கொண்டதால், 1908-இல் பல்கேரியா விடுதலையை அறிவிக்கும்வரை மாகாணம் ஏட்டளவில் உயிரோடிருந்தது. ஆகவே உங்கள் கட்டுரையில் 1882-க்கு "உதுமானியத் தன்னாட்சி மாகாணம்" என்றே எழுதுங்கள். வெறுமனே "ருமேலியா" என்று சுருக்கினால், பால்கனின் பெரும்பகுதியை அடக்கியிருந்த பழைய மாகாணத்தோடு குழம்பிவிடும்.