கையுலானி: முடி சூடாத ஹவாய் வாரிசு - வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கையுலானியைச் சிலர் 'ஹவாயின் கடைசி ராணி' என்கிறார்களே, சரியா?

சரியில்லை. ஹவாய் தனி முடியாட்சியாக இருந்தபோது அதன் கடைசி அரசி லிலியுவோகலானி. அவருடைய தங்கை லிகெலிகேயின் ஒரே மகள்தான் கையுலானி. 1875 அக்டோபர் 16 அன்று ஹொனலுலுவில் பிறந்தார். தந்தை ஆர்ச்சிபால்ட் கிளெக்ஹார்ன், ஸ்காட்லாந்துக்காரர், வணிகர். தாய்மாமனும் அரசருமான கலாகவுவா 1891 ஜனவரியில் இறந்ததும் பெரியம்மா லிலியுவோகலானி அரியணை ஏறினார். அதே ஆண்டு மார்ச் 9 அன்று, 15 வயதில், கையுலானி பட்டத்து வாரிசாக அறிவிக்கப்பட்டார். அதற்கு மேல் அவர் எந்தப் பதவியிலும் அமரவில்லை.

கேள்வி: அரசியின் வயிற்றுப் பிள்ளை அல்லாதவர் எப்படி வாரிசானார்?

ஹவாய் அரசியலமைப்பில் அதற்கு வழி இருந்தது. பிள்ளையில்லாத அரசர் ஒருவரைத் தேர்ந்து, பிரபுக்களின் ஒப்புதல் பெற்று, தம் வாழ்நாளிலேயே ஊரறிய அறிவிக்க வேண்டும். கலாகவுவாவுக்கும் பிள்ளை இல்லை. லிலியுவோகலானியே இந்த வழியில் வாரிசாகி அரசியானவர்தான்.

கேள்வி: ஆட்சி கவிழ்ந்தபோது இளவரசி ஏன் ஊரில் இல்லை?

1889 மே மாதம், 13 வயதில், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். முதலில் நார்த்தாம்ப்டன்ஷயரில் ஒரு பள்ளி, பிறகு பிரைட்டன். அப்போது ஹவாயில் அமைச்சராக இருந்தவர் லாரின் தர்ஸ்டன். 1893இல் ஆட்சியைக் கவிழ்த்த குழுவின் மூளையும் அவரேதான். இதை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

கேள்வி: எல்லாமே சர்க்கரைக்காக நடந்தது என்கிறார்கள். அவ்வளவுதானா?

பாதிக் காரணம் அதுதான். 1875ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போனது. தோட்ட முதலாளிகள் கொழுத்தார்கள். 1890இல் அமெரிக்கா கச்சாச் சர்க்கரைக்கான இறக்குமதி வரியையே நீக்கி, உள்நாட்டு உற்பத்திக்கு ராத்தலுக்கு 2 சென்ட் மானியம் கொடுத்தது. ஹவாய்க்கு இருந்த தனிச்சலுகை ஒரே அடியில் போயிற்று. அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டால் மானியம் நமக்கும் கிடைக்கும் என்ற கணக்கு எழுந்தது.

ஆனால் எல்லா முதலாளிகளும் இணைப்பை விரும்பவில்லை. அவர்களுடைய தோட்டங்கள் ஆசிய ஒப்பந்தக் கூலிகளை நம்பியிருந்தன, அமெரிக்கச் சட்டம் அந்த முறைக்கு இடம் தராது. எனவே சர்க்கரையோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வாக்குரிமை. 1887இல் ஆயுத மிரட்டலில் கலாகவுவாவைக் கையெழுத்திட வைத்த அரசியலமைப்பு, பிரபுக்கள் அவைக்கு வாக்களிக்க 3,000 டாலர் சொத்தோ 600 டாலர் ஆண்டு வருமானமோ கேட்டது. ஆசியர்களுக்கு வாக்கே இல்லை. ஹவாய் மக்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்கு வெளியே நின்றார்கள். 1893 ஜனவரி 14 அன்று லிலியுவோகலானி இதை மாற்றும் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவர முனைந்தார். மூன்றே நாளில் ஆட்சி போயிற்று.

கேள்வி: அரசி ஏன் சண்டையே போடாமல் பணிந்தார்?

ஜனவரி 16 அன்று 'பாஸ்டன்' போர்க்கப்பலிலிருந்து 162 அமெரிக்க வீரர்கள் ஹொனலுலுவில் இறங்கினார்கள். அழைத்தவர் அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸ். அடுத்த நாள் சான்ஃபோர்ட் டோல் தலைமையில் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது, ஸ்டீவன்ஸ் அதை உடனே அங்கீகரித்தார்.

அரசியின் பணிதல் கடிதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவர் டோலிடம் பணியவில்லை. அமெரிக்காவின் மேலான படைபலத்துக்குப் பணிவதாகவும், அந்நாட்டு அரசு உண்மை அறிந்து தம்மை மீண்டும் அமர்த்தும்வரைதான் இது என்றும் எழுதினார். வெறும் நப்பாசை அல்ல அது. 1843 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பல் தலைவர் ஒருவர் ஹவாயைப் பிடித்துக்கொண்டார். ஜூலை 31 அன்று பிரிட்டிஷ் அட்மிரலே வந்து திருப்பிக் கொடுத்தார். அந்த முன்னுதாரணம் அரசியின் கண்முன் இருந்தது.

கேள்வி: அரசியை விலக்கிவிட்டு இளவரசியை அமர்த்தும் யோசனை இருந்ததா?

இருந்தது. கையுலானியை அரசியாக்கி, அவர் சார்பில் வேறொருவர் ஆட்சி நடத்தலாம் என்று டோலே சொன்னார். கிளெக்ஹார்னும் மகளுக்காகத் தர்ஸ்டனிடம் மன்றாடினார். தர்ஸ்டன் மசியவில்லை, முடியாட்சியே கூடாது என்றார். பிறகு வந்த இணைப்பு ஒப்பந்த வரைவில் அரசிக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், இளவரசிக்கு ஒரே தொகையாக 1,50,000 டாலர் என்று எழுதினார்கள். அடங்கி நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு நாட்டின் வாரிசுரிமைக்கு இப்படி விலை போட்டார்கள்.

கேள்வி: 17 வயதுப் பெண் என்ன செய்திருக்க முடியும்?

1893 மார்ச் 1 அன்று நியூயார்க்கில் வந்திறங்கினார். அவர் வெளியிட்ட அறிக்கையில், என்னைப் படிக்க அனுப்பிய அதே தர்ஸ்டன் இப்போது என் கொடியையும் அரியணையையும் பறிக்கும்படி உங்களிடம் கேட்கிறார் என்று நேராகவே சொன்னார். அமெரிக்காவின் புதிய குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து மார்ச் 9 அன்று இணைப்பு ஒப்பந்தத்தைச் செனட்டிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார். சில நாள் கழித்துத்தான் கையுலானி அவரை வெள்ளை மாளிகையில் சந்தித்தார். சந்திப்பால்தான் ஒப்பந்தம் நின்றது என்று பல பதிவுகளில் வருகிறது. தேதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கேள்வி: ஒருமுறை நின்ற இணைப்பு 1898இல் எப்படி நடந்தது?

எல்லாரும் படிக்க வேண்டிய பகுதி இது. ஒப்பந்தம் என்றால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. 1897இல் கிளீவ்லாந்துக்கு அடுத்து வந்த குடியரசுத் தலைவர் மெக்கின்லி புதிய ஒப்பந்தம் போட்டார். ஹூயி அலோஹா ஆயினா என்ற அமைப்பின் ஆண்களும் பெண்களும் தீவு தீவாகச் சென்று இணைப்பை எதிர்த்து 21,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். ஹவாய்ப் பூர்வகுடிகள் மொத்தமே சுமார் 40,000 பேர்! நான்கு பிரதிநிதிகள் மனுவை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தத்துக்குத் தேவையான வாக்கு சேரவில்லை.

பிறகு ஸ்பெயினுடன் போர் வந்தது, பசிபிக்கில் தளம் தேவைப்பட்டது. உடனே வேறு வழி பிடித்தார்கள். இரு அவைகளின் கூட்டுத் தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 1845இல் டெக்ஸாஸைச் சேர்த்ததும் இப்படித்தான். ஆனால் டெக்ஸாஸ் மக்கள் அதற்கு வாக்களித்தார்கள், ஹவாய் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் 209-91, செனட்டில் 42-21. ஜூலை 7 அன்று மெக்கின்லி கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 12 அன்று இயோலானி அரண்மனையில் ஹவாய்க் கொடி இறங்கியபோது அரசியும் இளவரசியும் அங்கே போகவில்லை.

இளவரசியின் அழகையும் அவர் வளர்த்த மயில்களையும் பற்றி எழுதுவோர் இந்த 21,000 பேரையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. வாரிசுக்காக ஒரு மக்களே நின்றார்கள்.

கேள்வி: நாடு போன துக்கத்தில் இறந்தார் என்பது உண்மையா?

ஹவாய்ப் பெருந்தீவில் குதிரைச் சவாரியின்போது மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்தார். அது மூட்டு வீக்க நோயாக முற்றி, 1899 மார்ச் 6 அன்று வைகிகி வீட்டில் உயிர் பிரிந்தது. வயது 23.

கேள்வி: ஹொனலுலு போனால் எதைப் பார்க்கலாம்?

நுவானுவில் உள்ள மௌனா ஆலா அரச கல்லறை. இயோலானி அரண்மனையும் அருங்காட்சியகமாக உள்ளது. வைகிகி வீடு 1921இல் எரிந்துவிட்டது.

கேள்வி: அமெரிக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டதே, விஷயம் முடிந்ததுதானே?

1993 நவம்பர் 23 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட தீர்மானம் மன்னிப்புக் கேட்டது உண்மை. சுமார் 18 லட்சம் ஏக்கர் அரச, அரசு நிலங்கள் ஹவாய் மக்களின் சம்மதமோ இழப்பீடோ இல்லாமல் கைமாறியதையும் ஒப்புக்கொண்டது. கூடவே, அமெரிக்காவுக்கு எதிரான எந்த உரிமைக் கோரிக்கைக்கும் இதைத் தீர்வாகக் கொள்ளக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நிலம் திரும்பவில்லை.