கேளுங்கோ சொல்லுறம்: கணக்கில கெட்டிக்காரப் பெடியன்

கேள்வி: ஐயா, என்ர மகன் எட்டாம் ஆண்டு, ஏஎல் கணக்குகளையே செய்யிறான். இப்பவே ஏஎல் ரியூசனுக்கு விடுங்கோ எண்டு சொந்தக்காரர் நிக்கினம். அவன் எண்டால் எஞ்சினியரிங் வேண்டாம், கணக்குத்தான் படிப்பன் எண்டுறான். என்ன செய்ய?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, எஞ்சினியர் ஆகாட்டி பெடியன் றோட்டில நிப்பான் எண்டு நினைக்கிறது எங்கட ஊர் வருத்தம், அதை விடுங்கோ. அக்‌ஷய் வெங்கடேஷ் எண்டு ஒரு தமிழ்ப் பெடியன், 1981ல டெல்லியில பிறந்து அவுஸ்திரேலியாவில பேர்த்தில வளந்தவர். 11 வயசில, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு உலக அளவில நடக்கிற போட்டியான சர்வதேச பௌதிக ஒலிம்பியாட்டில வெண்கலம், அடுத்த வருசம் கணித ஒலிம்பியாட்டிலயும் வெண்கலம், 13 வயசில கம்பஸ், 20 வயசில பிரின்ஸ்டன்ல பிஎச்டி. இதை வாசிச்சிட்டு உடன ரியூசன் மாஸ்ரருக்கு கோல் எடுத்திடாதேங்கோ, மிச்சத்தையும் கேளுங்கோ.

அந்த பிஎச்டி ஆய்வு சுமார்தான் எண்டு பிறகு அவரே சொன்னவர். கணக்கை விட்டுட்டு வேற வேலைக்குப் போவமோ எண்டும் யோசிச்சிருக்கிறார். விடேல்லை, எண் கோட்பாட்டில, அதாவது முழு எண்களை ஆராயிற கணக்குப் பிரிவில, ஆறுதலா வேலை செய்து 2018ல, 36 வயசில, கணக்கில பெரிய பரிசான பீல்ட்ஸ் பதக்கம் எடுத்தார். கெதியா ஓடினது சின்ன வயசில, பேர் வந்த வேலையெல்லாம் அதுக்குப் பிறகு வருசக்கணக்கா இருந்து செய்தது.

அதால மகனை ஏஎல் பாஸ்ட் பேப்பருக்குள்ள தள்ளாதேங்கோ. கணித ஒலிம்பியாட் எண்டால் ரெண்டு நாள், நாளுக்கு நாலரை மணித்தியாலம், மூண்டே மூண்டு கணக்கு. அந்தப் பழைய கணக்குகள் நெற்றில சும்மா கிடக்கு, தமிழிலயும் இருக்கு. ஒண்டைக் குடுத்திட்டு விடுங்கோ, ஒரு கிழமை மினக்கெட்டாலும் பரவாயில்லை, விடையை மட்டும் காட்டிக்குடுக்காதேங்கோ. இலங்கையில இருந்தும் அதுக்கு ரீம் போறது, பள்ளிக்கூடத்தில விசாரிச்சுப் பாருங்கோ. தெல்லிப்பழைப் பக்கம் பிறந்த எலியேசர் கேம்பிரிட்ஜில டிராக் எண்ட பெரிய பௌதிக விஞ்ஞானியிட்டப் படிச்சு, கடைசியில மெல்பேணில கணிதப் பேராசிரியரா இருந்தவர், சொந்தக்காரருக்கு இதையும் சொல்லிவிடுங்கோ.

கேள்வி: நோபலின்ர மனிசி ஒரு கணக்கு வாத்தியோட போனதாலதான் கணக்குக்கு நோபல் இல்லையாமே?
- ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: நோபல் கலியாணமே கட்டேல்லை அண்ணை, பிறகெங்க மனிசி போறது! கணக்குக்கு எண்டு இருக்கிற பீல்ட்ஸ் பதக்கம் நாலு வருசத்துக்கு ஒருக்கா, அதுவும் 40 வயசு தாண்டாத ஆக்களுக்கு மட்டும். 2018ல வெங்கடேஷோட சேர்த்து பதக்கம் வாங்கின பிர்கார் ஒரு குர்திஷ் அகதி, வாங்கின கொஞ்ச நேரத்திலயே பதக்கத்தை ஆரோ களவெடுத்திட்டாங்கள், பிறகு வேற ஒண்டு குடுத்தவை.